பூதலிங்கத்தை அமரவைக்கும் அமைப்பி

எங்கள் ஊரில் மென்பொருள் நிறுவனத்தார் இடைமுக அமைப்பி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன், அதைக் கொண்டு ஒரு கல்யாணப் பந்தியை அமர்த்திப் பார்ப்பார்கள். பந்தி குறையின்றி நடந்தால் அதை வாங்குவார்கள். நடக்காவிட்டால் வேறொன்றைத் தேடுவார்கள்.

இடைமுக அமைப்பி என்பது, மேசைக் கணினியில் இயங்கும் மென்பொருளின் திரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கட்டுவதற்கு உதவும் கருவி; பேச்சில் 'டிசைனர்' என்பார்கள். பொத்தான், பட்டியல், எழுதும் பெட்டி ஆகியவற்றைச் சுட்டியால் பிடித்து இழுத்து வேண்டிய இடத்தில் விட்டால், அவை அங்கே அமரும். நீளமானவை, குட்டையானவை, ஒன்றன் அருகே மற்றொன்று இருக்கவே கூடாதவை எனப் பலவற்றை ஒரு செவ்வகத்துக்குள் மனம் கோணாமல் அமர்த்தும் வேலை அது. அதே வேலை நடைபெறும் மற்றோர் இடம் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்.

என் தம்பி சண்முகவேலின் மகள் காந்திமதி, பாளையங்கோட்டையில் அரிசி ஆலைகளுக்கு மென்பொருள் எழுதித்தரும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறாள். திரைகளில் இடம்பெறும் சொற்களைப் பார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு பொத்தானும் எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்பதை அவள் அதுவரை எண்களாகவே எழுதிவந்தாள். ஆலைக்காரர் ஒருவர் பெரிய திரை வாங்கிவிட்டால், அத்தனை எண்களையும் மாற்ற வேண்டும். ஆகவே, அமைப்பி வாங்குவதென்று முடிவாயிற்று. சோதிப்பதற்கு ஒரு கல்யாணம் வேண்டியிருந்தது.

"வேற யாரு கல்யாணத்துலயாவது வச்சுப் பாக்கலாமேட்டி," என்றான் தம்பி.

"அடுத்தவங்க பந்தியில கைய வச்சா சும்மா விடுவாங்களாப்பா? நம்ம பந்தின்னா நாமளே ஏச்சு வாங்கிக்கிடலாம்," என்றாள் அவள்.

அவளுக்கு ஏற்கெனவே மாப்பிள்ளை பார்த்திருந்தோம். பெயர் குற்றாலநாதன். அம்பாசமுத்திரத்தில் கால்நடை மருத்துவர். பெண் பார்க்க வந்தவர், பலகாரத்தை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியின் காதைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தார். காந்திமதிக்கு அப்போதே பிடித்துவிட்டது.

அவருடைய தாய்மாமன் பூதலிங்கம்தான் எங்கள் கவலை. அவர் இதுவரை எந்தக் கல்யாணத்திலும் பாயசம் வரை இருந்ததில்லை. ஏதேனும் ஒரு குறை கண்டு, இலையை விட்டு எழுந்துவிடுவார். தாய்மாமன் இலையை விட்டு எழுந்தால் மாப்பிள்ளை வீட்டார் அனைவரும் எழ வேண்டும். எழுந்தவர்கள் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும். அது அவர்கள் குடும்ப வழக்கம். குற்றாலநாதனின் அண்ணன் அவ்வாறு அழைத்துச் செல்லப்பட்டவர். அவர் இன்றுவரை திருமணம் ஆனவரும் அல்லர், ஆகாதவரும் அல்லர்.

"பெரியப்பா, எனக்கு இவரப் பிடிச்சிருக்கு," என்று காந்திமதி என்னிடம் சொன்னாள். "பூதலிங்கம் மாமா உக்காந்து பாயசம் குடிக்கணும். எந்த டிசைனர் அதச் செய்யுதோ, அதத்தான் வாங்குவேன்."

கல்யாணத்தன்று காலையில், சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் மேசை போட்டுக் கணினியை வைத்தார்கள். திரையில் கூடம் வெறுமையாகத் தெரிந்தது. விருந்தினர்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். காந்திமதி ஒருவரைச் சுட்டியால் பிடித்து இழுத்தால், அவர் தரையில் வழுக்கியபடி வந்து, விட்ட இடத்தில் அமர்வார். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த ஏற்பாட்டை வெகுவாக விரும்பினார்கள். வாசலில் ஓர் அறிவிப்பும் ஒட்டப்பட்டிருந்தது: "அமைப்பி அமைத்த வரிசையைக் கையால் திருத்தாதீர்கள்." அதிலிருந்த ஒற்றுப்பிழையை நான் முதல்நாளே நீக்கியிருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்த நேரத்துக்குத்தான் வருவதாக இருந்தார்கள். எனவே, முதல் இரண்டு அமைப்பிகளையும் காலைப் பலகாரத்தின்போது எங்கள் உறவினர்களை வைத்தே சோதித்தோம்.

முதல் அமைப்பி, ஒருவரை எங்கே விட்டாலும் அங்கேயே ஒட்டவைத்துவிடும். கூட்டம் பெருகியதும் நடுவிலிருந்த மடக்குத் தடுப்பைத் திறந்து கூடத்தைப் பெரிதாக்கினோம். அமர்ந்திருந்தவர்களோ, இடப்பக்க மூலையில் முழங்கையோடு முழங்கை இடிக்க அப்படியே இருந்தார்கள். மீதிக் கூடத்தில் பந்து விளையாடலாம் போலிருந்தது. இட்லி தின்று முடித்த பின்னும் அவர்களால் எழ இயலவில்லை. கையலம்பும் தொட்டியைத்தான் அவர்களிடம் இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது.

"சின்னத் திரைக்குச் சரி," என்று சொல்லிக் காந்திமதி அதை மூடினாள். அவர்கள் எழுந்து வெற்றிலை போடப் போனார்கள்.

இரண்டாவது அமைப்பி தாராளமானது. ஒருவருடைய இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் சுவர்களோடு பிணைத்துவிட்டால், கூடம் அகலும்போது அவரும் அகல்வார். அதற்கு என்னைத் தேர்ந்தெடுத்தாள். தடுப்பைத் திறந்ததும் நான் கூடத்தின் முழு அகலத்துக்கும் விரிந்தேன். என் இடத்தோள் மாவரைக்கும் அறையின் அருகிலும் வலத்தோள் வாசலிலும் இருந்தன. எனக்கென ஒரு வரிசை முழுவதும் இலை போட்டார்கள். பரிமாறுகிறவர் வலக்கோடியில் நின்று "ஐயா, பொங்கல் வைக்கவா?" என்று கேட்டார். நான் விடை சொல்வதற்குள் இடக்கோடியில் வேறொருவர் வைத்துவிட்டார். உடலுக்கு ஒரு குறையும் இல்லை. சட்டை காற்றோட்டமாக இருந்தது.

தம்பி என் நடுப்பகுதிக்கு எதிரே வந்து நின்றான். "அண்ணே, ஆளு நல்லாத்தான் இருக்கிய. போட்டோவுக்குத்தான் அடங்க மாட்டிய," என்றான்.

"நான் அடங்காவிட்டால் என்ன? ஓரத்தில் நீ நிற்க வேண்டாம், அவ்வளவுதானே?" என்றேன்.

காந்திமதி மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். "பூதலிங்கம் மாமா இப்பவே மண்டபம் நிறைய இருப்பாரு. அவர இன்னும் நீட்டிவிட்டா எந்தக் கோடியில நின்னு சமாதானம் சொல்ல?"

அதையும் மூடினாள். நான் பழைய அளவுக்குத் திரும்பினேன். வேட்டி மட்டும் சற்று நேரம் கழித்துத் திரும்பியது.

மூன்றாவது அமைப்பியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் அவள் மணவறைக்குப் போனாள். அதனால், அதன்பின் மண்டபத்தில் நடந்த ஒவ்வொன்றையும் அது தன் நினைவில் வைத்துக்கொண்டே வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கெட்டிமேளம் முழங்கியது. குற்றாலநாதன் குனிந்த தலை நிமிராமல் தாலி கட்டினார். அட்சதை விழுந்தது. இருவரும் அக்கினியை வலம் வந்தார்கள். வலம் முடிந்த கையோடு காந்திமதி மாலையைச் சரிசெய்துகொண்டு கணினியின் முன் வந்து அமர்ந்தாள்.

இக்காலத்தில் முகூர்த்தமும் மறுவீடும் ஒரே நாளில் முடிந்துவிடுகின்றன. மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கு எங்கள் பக்கத்தில் சொதிச் சாப்பாடு போட வேண்டும். தேங்காய்ப்பாலில் காய்களைச் சேர்த்துச் செய்யும் குழம்பு அது. இஞ்சித் துவையல் இல்லாமல் அதை யாரும் தொடமாட்டார்கள்.

மூன்றாவது அமைப்பி எவரையும் உடனே அமர்த்தவில்லை. முதலில் கேள்விகள் கேட்டது. இவர் அவருக்கு என்ன முறை? இருவரும் பேசிக்கொள்வது உண்டா? இல்லையெனில், எந்தக் கல்யாணத்திலிருந்து? மாப்பிள்ளையின் சித்தி அருகில் நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சில பதில்களுக்குத் திரையிலேயே "அப்படியா?" என்று வந்தது.

பிறகு பூதலிங்கம் வாசலுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத துண்டு, நெற்றி நிறைய நீறு. "எம்மா, என்ன எங்கன வேணும்னாலும் போடு. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்," என்றார்.

அதைக் கேட்டதும் மாப்பிள்ளை வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அவர் எப்போதும் அப்படித்தான் தொடங்குவார்.

அமைப்பி அவரை முதல் வரிசையின் முதல் இலையில் அமர்த்தியது. மற்றவர்கள் அவரைத் தொடர்ந்து நூல் பிடித்தாற்போல் அமர்ந்தார்கள். துவையல் வைத்தார்கள், சோறு போட்டார்கள், சொதி ஊற்றினார்கள். பூதலிங்கம் சோற்றைப் பிசைந்தார். முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

தம்பிக்குக் கை சும்மா இருக்கவில்லை. சம்பந்தி வீட்டுத் தாய்மாமனின் இலை மற்ற இலைகளோடு ஒரே கோட்டில் இருப்பது மரியாதையாகாது என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. வாசலிலிருந்த அறிவிப்பை அவன் படித்திருந்தான். அது மற்றவர்களுக்காக எழுதப்பட்டது என்று கருதியிருந்தான். குனிந்து, அந்த இலையை இரண்டு விரற்கடை முன்னால் நகர்த்தினான். வரிசை பிசகியதைக் கண்ட அமைப்பி, இலையைப் பழைய இடத்துக்கே இழுத்தது. பூதலிங்கம் முதற்கவளத்தை அள்ளிய நேரம் அது. கையில் கவளம் இருந்தது. கையின் கீழ் இலை இல்லை.

"இலைய உருவுதாங்கடே," என்று சொல்லிப் பூதலிங்கம் எழுந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். பழக்கப்பட்டவர்களாதலால் ஆளுக்கொரு வறுவலை வாயில் போட்டுக்கொண்டே எழுந்தார்கள். குற்றாலநாதன் மட்டும் எழாமல் காந்திமதியைப் பார்த்தார்.

"மாமா, ஒரு வாய்தான..." என்று இழுத்தார்.

"ஏல நாதா, எந்திரி."

காந்திமதி, கடைசியாக நடந்ததை இல்லாமலாக்கும் பொத்தானை அழுத்தினாள். பூதலிங்கம் அமர்ந்தார். ஆனால், தம்பி கையால் செய்தது அமைப்பியின் நினைவில் இல்லை. ஆகையால் அது இல்லாமலாகவில்லை. இலை மறுபடி நகர்ந்தது, மறுபடி இழுபட்டது, பூதலிங்கம் மறுபடி எழுந்தார். அவள் மறுபடி அழுத்தினாள். அவர் பலமுறை அமர்ந்து எழுந்தார். மூச்சு வாங்கியதே தவிரக் கோபம் குறையவில்லை.

"இன்னும் பின்னால போனாத்தான் சரிவரும், பெரியப்பா," என்று சொல்லிப் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் அழுத்தினாள்.

சொதி இலைகளிலிருந்து எழும்பி வாளிகளுக்குள் போயிற்று. சோறு குண்டானுக்குத் திரும்பியது. இலைகள் சுருண்டு கட்டுகளாயின. விருந்தினர்கள் பின்புறமாக வழுக்கி வாசலுக்குப் போனார்கள். கம்பியில்லாச் சுட்டியை அழுத்தியபடியே காந்திமதியும், உடன் குற்றாலநாதனும் மணவறைக்குப் போய் அக்கினியை இடமாகச் சுற்றினார்கள். அவர்கள் தலையிலிருந்த அட்சதை கிளம்பி அவரவர் கைக்குள் வந்து சேர்ந்தது. என் கையில் வந்தவற்றுள் ஒன்றிரண்டு என்னுடையவை அல்ல. இறுதியாகத் தாலிக்கயிறு தானே அவிழ்ந்து, தட்டிலிருந்த தேங்காயின்மேல் படிந்தது. அப்போதுதான் அவள் விரலை எடுத்தாள். தம்பி மட்டும் சாப்பாட்டுக் கூடத்தில், இல்லாத இலையைப் பிடித்தபடி குனிந்து நின்றான்.

திரையில் 'மீண்டும் செய்' என்னும் பொத்தான் ஒளிர்ந்தது. அதை அழுத்தினால் நடந்தவை அனைத்தும் நடந்தவாறே நடக்கும்: தாலி ஏறும், சொதி வரும், பூதலிங்கம் எழுவார். அதை அழுத்தாமல் புதிதாக ஏதேனும் ஒன்றைச் செய்தால், பழையவை அனைத்தும் அழிந்துவிடும். எல்லா அமைப்பிகளிலும் விதி அதுதான்.

காந்திமதி மணவறையில் அருகிலிருந்த குற்றாலநாதனைப் பார்த்தாள்.

"இப்ப நமக்குக் கல்யாணம் ஆகல."

"ஆமா, தெரியுது," என்றார் அவர்.

"போறதுன்னா இப்பவே போயிரலாம். யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. மாமா எந்திரிச்சதே நடக்கல."

"நீங்க என்ன சொல்லுதிய?"

"நாந்தான மொதல்ல கேட்டேன்."

அவர் தட்டிலிருந்த தாலியைக் கையில் எடுத்தார். பிறகு, "மொத தடவ உங்க மொகத்தயே பாக்கல. முடிச்சு விழணுமேன்னு கயித்தையே பாத்துட்டு இருந்துட்டேன். மாடுன்னா கண்ண மூடிக்கிட்டுக் கட்டிருவேன்," என்றார்.

"என்ன மாட்டோடயா சேக்கிய?"

"மாட்டுக்குக் கை நடுங்காதுங்கேன்."

காந்திமதி சிரித்தாள். "அப்ப இந்தத் தடவ மொகத்தப் பாத்துக் கட்டுங்க. முடிச்சு எங்க விழுந்தாலும் பரவாயில்ல."

நாகசுரக்காரர் எட்டிப் பார்த்து, "தாயி, பழைய கெட்டிமேளமே போதுமா, புதுசா வாசிக்கணுமா?" என்று கேட்டார்.

"புதுசா வாசிங்க."

முகூர்த்த வேளையும் திரும்பி வந்திருந்ததால் புரோகிதருக்கு ஆட்சேபம் இல்லை. குற்றாலநாதன் அவள் முகத்தைப் பார்த்தபடியே தாலி கட்டினார். முடிச்சு சற்றுச் சாய்வாக, இடத்தோளின் பக்கம் விழுந்தது. அவள் அதைத் திருத்தவில்லை. 'மீண்டும் செய்' என்னும் பொத்தான் மங்கி அணைந்தது.

பந்திக்கு முன் அவள் முதற்காரியமாகத் தன் தந்தையின் பண்புப் பட்டியலைத் திரையில் திறந்து, 'செயல்படத்தக்கவர்' என்பதற்கு எதிரேயிருந்த குறியை நீக்கினாள். தம்பி நிமிர்ந்து, செயலிழந்த பொத்தானைப் போல் சாம்பல் நிறமாகித் தூணருகே கைகட்டி நின்றான். முகத்தில் புன்னகை இருந்தது. சம்பந்தி வீட்டார் அவனுடைய பணிவைப் பாராட்டினார்கள்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, மாமாவ எந்திரிக்கவிடாமப் பண்ண ஒரு டிசைனராலயும் முடியாது. அவரு எந்திரிச்சா என்ன ஆகணும்னு வேணா எழுதலாம்."

"எழுது," என்றேன்.

அவள் பூதலிங்கத்தின் இலையைப் பூதலிங்கத்தோடு பிணைத்தாள். அடுத்த இலையை அவர் இலையோடும், அதற்கடுத்ததை அதனோடுமாக வரிசை முழுவதையும் பிணைத்தாள். ஒவ்வோர் இலையோடும் அதில் சாப்பிடுபவரைப் பிணைத்தாள். முடித்துவிட்டு, சுட்டியைக் கீழே வைத்து, குற்றாலநாதனுக்குப் பக்கத்து இலையில் போய் அமர்ந்தாள்.

"எம்மா, என்ன எங்கன வேணும்னாலும் போடு," என்று பூதலிங்கம் சொல்லியாயிற்று. வேட்டிகளையும் மடித்துக் கட்டியாயிற்று. சொதி வந்தது. இலையை எவரும் நகர்த்தவில்லை. பூதலிங்கம் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "சொதி கொள்ளாம்," என்றுகூடப் பாராட்டினார். அதற்குள் அப்பளம் வந்தது. பக்கத்து இலைக்கு முழு அப்பளமும் அவர் இலைக்கு ஒரு முனை உடைந்த அப்பளமும் விழுந்தன.

பூதலிங்கம் எழுந்தார்.

அவரோடு இலையும் எழுந்து, நெஞ்சளவு உயரத்தில் அவருக்கு முன்னால் நின்றது. ஒரு சோறும் சிந்தவில்லை. அதற்கு நேராக அடுத்த இலையும், அதில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் சித்தியும், அவளையடுத்துக் குற்றாலநாதனும் காந்திமதியும், இவ்வாறே வரிசை முழுவதும் அமர்ந்த நிலையிலேயே உயர்ந்தது. எவரும் தனியே எழ வேண்டிய தேவை ஏற்படவில்லை. பூதலிங்கம் விடுவிடுவென்று வாசலை நோக்கி நடந்தார். வரிசை ஒரு பக்கமாகச் சாயாமல் அவர் பின்னால் வந்தது. அவர் எழுந்தது உண்மை. இலையை விட்டு எழவில்லை.

தெருவில் இறங்கியும் அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. இலையில் போட்டதை வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது. பரிமாறுகிறவர்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு இருபுறமும் நடந்தார்கள். நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்தபோது வரிசை நின்றது. அந்த இடைவேளையில் ரசம் ஊற்றினார்கள். போக்குவரத்துக் காவலர் கை நீட்ட, அவருக்கும் ஓர் அப்பளம் கொடுத்தார்கள். அது முழு அப்பளம். நல்லவேளையாகப் பூதலிங்கம் அதைக் கவனிக்கவில்லை.

அம்பாசமுத்திரம் பேருந்து புறப்படத் தயாராக நின்றது. பூதலிங்கம் ஏறினார். வரிசை படி வழியாக மடங்கி ஏறி, உள்ளே மறுபடி நேரானது.

"இலையோட நிக்கவங்க படியில நிக்காதீங்க, உள்ள போங்க," என்றார் நடத்துநர்.

இருக்கை காலியாக இருந்தது. சாளரத்தின் ஓரம். பூதலிங்கம் அமர்ந்தார். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பரிமாறுகிறவர் ஓடிப்போய், பாயசம் நிறைந்த குவளையைச் சாளரத்தின் வழியே நீட்டினார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் மெல்லவில்லை. காந்திமதி குற்றாலநாதனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பூதலிங்கம் பாயசத்தை முகர்ந்தார். முந்திரிப்பருப்பு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு குடித்தார். குவளையைக் கவிழ்த்துப் பார்த்து, "இன்னொண்ணு கொண்டாடே," என்றார்.

அதையும் குடித்து முடித்து, இலையைத் தம் பக்கமாக மடித்தார். உறவு நிலைக்க வேண்டும் என்று எண்ணுவோர் அவ்வாறுதான் மடிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் ஒவ்வொருவராகத் தம் பக்கம் மடித்தார்கள். பேருந்து முழுவதும் ஏப்பம் கேட்டது.

காந்திமதி சாளரத்தின் வழியே தலையை நீட்டினாள். "பெரியப்பா, மூணாவதையே வாங்கிருவோம்!"

"வாங்கிவிடுவோம். நீ போய்ச் சேர்ந்ததும் சொல்," என்றேன்.

பேருந்து கிளம்பியது. பெண் வீட்டாராகிய நாங்கள் இரண்டாம் பந்தியாதலால், எங்களுக்கு அதன் பின்னால் வந்த பாபநாசம் பேருந்தில் இலை போட்டார்கள். பத்தமடை தாண்டுவதற்குள் மோருக்கு வந்துவிட்டோம். ஓட்டுநர் சொதி மட்டும் போதும் என்றார்.